'டிட்' எங்க வரும், எங்க வராது?

கேள்வி: "வாட் டிட் யூ பை?"ல டிட் வருது, "வாட் ஹேப்பண்ட்?"ல வரல. ரெண்டுமே முடிஞ்சுபோன விஷயம்தானே? நான் "ஹூ டிட் கம்?"னு கேட்டா தப்புங்கறாங்க. இதுக்கு ஏதாவது ரூல் இருக்கா சார்?

பதில்: இருக்குங்க. ஆனா நீங்க காலத்தப் பாத்து முடிவு பண்றீங்க, அங்கதான் சிக்கல். அந்த வேலையச் செஞ்சது யாருன்னு கேள்விக்குள்ளயே இருக்கான்னு பாருங்க, அது போதும். "வாட் டிட் யூ பை?"ல வாங்கினவர் 'யூ', உள்ளயே இருக்கார், தெரியாதது வாங்கின பொருள், அதாவது ஆப்ஜெக்ட், அதனால டிட் வேணும், டிட் வந்ததும் 'பாட்' திரும்ப 'பை' ஆயிடும். "ஷீ கேம்"ல ஷீய எடுத்துட்டு அதே எடத்துல ஹூ வச்சா "ஹூ கேம்?", எதுவுமே இடம் மாறல, ஹூதான் சப்ஜெக்ட், அதாவது வேலையச் செஞ்சவர் இடத்துல இருக்கற வார்த்தை, டிட்டுக்கு அங்க வேலையே இல்ல. "வாட் ஹேப்பண்ட்?"டும் இதே கதைதான்.

இப்போ இத கவனிங்க. "ஹூ கால்டு யூ?"ன்னா உங்கள யாரு கூப்பிட்டாங்க, "ஹூ டிட் யூ கால்?"னா நீங்க யாரைக் கூப்பிட்டீங்க. தமிழ்ல 'யாரை'யோட கடைசியில வர்ற அந்த 'ஐ' வித்தியாசத்தக் காட்டிடுது, இங்கிலீஷ் பேச்சுல ரெண்டுக்கும் ஹூதான், அதனால வார்த்தை வரிசையும் டிட்டும்தான் அந்த வேலையப் பாக்குது, ஒண்ணு மாறினா அர்த்தமே தலைகீழாயிடும். ஆனா 'ஐ'ய மட்டும் நம்பாதீங்க, "என்ன நடந்துச்சு", "என்ன வாங்கின" ரெண்டுலயும் 'என்ன'தான் வருது பாருங்க, அங்க செஞ்சவர் உள்ள இருக்காரான்னு தேடறதுதான் வழி.

விச், ஹூஸ், ஹவ் மெனிக்கும் இதேதான். "ஹூஸ் போன் ரேங்?" (யாரோட போன் அடிச்சுது), ஆனா "ஹூஸ் போன் டிட் யூ யூஸ்?". இன்னிக்கு நடக்கறதுன்னா "ஹூ லிவ்ஸ் ஹியர்?", பதில் பத்து பேரா இருந்தாலும் அந்த 'ஸ்' வேணும், இத நிறைய பேர் விட்டுடறாங்க. இஸ், கேன் மாதிரி வந்தா டிட் பேச்சே கிடையாது, "ஹூ கேன் ஹெல்ப் யூ?", "ஹூ கேன் யூ ஹெல்ப்?", வரிசை மட்டும்தான் மாறும்.

சப்ஜெக்ட் கேள்வியிலயும் 'இல்ல'ன்னு வந்தா டிட் உள்ள வந்துடும், "ஹூ டிட்ன்ட் கம்?". உங்க "ஹூ டிட் கம்?"கூட ஒரு எடத்துல சரிதான், கூப்பிட்டவங்க யாருமே வரலன்னு ஒருத்தர் சொல்றார், அப்போ வந்ததுதான் யாருன்னு டிட்ட அழுத்திக் கேக்கலாம். சும்மா கேக்கறப்போ "ஹூ கேம்?" மட்டும்தான்.

கேள்வி: அப்போ 'ஹூம்' வேண்டாமா?

பதில்: பேச்சுல "ஹூ டிட் யூ மீட்?" போதும், யாரும் குறை சொல்ல மாட்டாங்க. முறையான லெட்டர்ல, அதுவும் டு, வித் மாதிரி வார்த்தைய முன்னாடி வச்சு ஆரம்பிச்சா, ஹூம் போடுங்க: "வித் ஹூம் டிட் யூ ஸ்பீக்?". ஆனா "ஹூம் கேம்?"னு ஒருநாளும் வராது, அங்க அது சப்ஜெக்ட்.