லேசர் சிகிச்சையின் பலன் தீர்ந்துவிட்டதா?

வணக்கம் சகோதரி. கிட்டப்பார்வைக்காக 27 வயதில் லேசிக் எனும் லேசர் கண் சிகிச்சை செய்துகொண்ட தங்களுக்கு, 43 வயதில் கண்டாங்கிச் சேலைக் கரையின் இழைகள் மங்கலாகத் தெரிவதால் சிகிச்சையின் பலன் தீர்ந்துவிட்டதோ என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் படலமான கார்னியாவை லேசர் செதுக்கி மாற்றிய வடிவம் பெரும்பாலும் நிலையானது. ஆனால் அதன் பின்னே உள்ள இயற்கை லென்ஸ், நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் விறைப்பாகி, கிட்டத்தில் குவியும் திறனை இழப்பதை அச்சிகிச்சை தடுப்பதில்லை. பேருந்து நிலையத்தின் எதிர்ப்புறம் நிற்கும் தேவகோட்டை வண்டியின் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரிந்தால், இது பெரும்பாலும் வெள்ளெழுத்துதான். படிக்கும் கண்ணாடி போதும். தூரமும் மங்கினால் கிட்டப்பார்வை ஓரளவு திரும்பியிருக்கலாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பழைய சிகிச்சைக் குறிப்புகளை மட்டும் தயவுசெய்து தொலைத்துவிடாதீர்கள்: பின்னாளில் கண்புரை அறுவைக்குப் பொருத்தும் லென்ஸின் அளவைச் சரியாகக் கணிக்க அவை மிகவும் உதவும்.