ஸ்டாக்கர் 2: இப்போது வாங்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

செர்னோபில் பகுதியில் துப்பாக்கியோடு அலையும் ஸ்டாக்கர் 2 கேமை வாங்கலாமா வேண்டாமா என்று வெகுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரி நாட்களில் முதல் ஸ்டாக்கரைப் பாதிவரை ஆடியிருக்கிறேன், அந்தச் சூழல் இன்னும் மனதில் இருக்கிறது. ஆனால் 14 வருடம் இழுத்தடித்து வந்த கேம் என்பதால் பயமாக இருக்கிறது. டியூக் நியூக்கம் ஃபாரெவர் என்ன ஆனது என்று பார்த்தோமே. வந்த புதிதில் பிழைகள் ஏராளம் என்றார்கள். இப்போது சரியாகிவிட்டதா? என் கணினி ஐ5-9400எஃப், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 16 ஜிபி ரேம் (ஒரே ஸ்டிக்). விண்டோஸ் 256 ஜிபி எஸ்எஸ்டியில் இருக்கிறது, கேம்கள் எல்லாம் 1 டிபி ஹார்டு டிஸ்க்கில். முழு விலை கொடுத்து வாங்கி, ஓடாமல் போனால் வருத்தமாக இருக்கும்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

இன்று இருக்கும் கணினியில் வாங்காதீர்கள். முதலில் ஒரு 1 டிபி எஸ்எஸ்டி, அடுத்து இன்னொரு ரேம் ஸ்டிக், அதன்பின் தள்ளுபடி வரும்போது கேம். இந்த வரிசை மாறினால் நல்ல கேம் ஒன்றை மோசமான நிலையில் பார்த்துவிட்டு வெறுத்துப்போவீர்கள்.

டியூக் நியூக்கம் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். அந்தக் கேம் 1997இல் அறிவிக்கப்பட்டு 2011 ஜூனில் வந்தது. க்வேக் 2 எஞ்சினில் (கேமைக் கட்டும் அடிப்படை மென்பொருள்) தொடங்கினார்கள், அன்ரியலுக்கு மாறினார்கள், புதிதாக எது வந்தாலும் அதையும் சேர்க்கவேண்டும் என்று செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். 2009இல் அதை உருவாக்கிய 3டி ரெல்ம்ஸ் நிறுவனம் அந்தக் குழுவையே கலைத்தது. மீதியை முடித்துக் கடைக்குக் கொண்டுவந்தது கியர்பாக்ஸ் என்ற வேறு நிறுவனம். முந்தைய டியூக்கில் எல்லாத் துப்பாக்கியையும் சுமக்கலாம், இதில் இரண்டுதான் என்று வைத்தது அந்த ஒட்டுவேலையின் அடையாளம். பின்னால் பேட்ச் (வெளியான பின் தரும் திருத்தக் கோப்பு) போட்டு நான்காக்கினார்கள். முடிவெடுக்கத் தெரியாத தாமதம் அது.

ஸ்டாக்கர் 2இன் தாமதம் அந்த வகை இல்லை. 2010இல் அறிவித்த ஸ்டாக்கர் 2 வேறு கேம். 2011 டிசம்பரில் ஸ்டாக்கரை உருவாக்கும் கீவ் நகரத்து ஜிஎஸ்சி நிறுவனம் மூடப்பட்டதோடு அது செத்துப்போயிற்று. நிறுவனம் மீண்டும் திறந்து, 2018 மே மாதம் அறிவித்ததுதான் இன்று நம் கையில் இருப்பது. 2021 என்றார்கள், 2022 ஏப்ரல் 28 என்றார்கள், அதையும் டிசம்பருக்குத் தள்ளினார்கள். 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியது. குழுவில் ஒரு பகுதியினர் பிராகுக்குப் போனார்கள், சிலர் உக்ரைனிலேயே இருந்து வேலை செய்தார்கள், சிலர் படையில் சேர்ந்தார்கள். கேம் வந்தது 2024 நவம்பர் 20. ஆக, 14 வருடக் கணக்கை மறந்துவிடுங்கள். ஒரே குழு, ஒரே திட்டம், நடுவில் ஒரு போர்.

தாமதத்தால் வந்த நிஜமான ஓட்டை ஒன்று உண்டு. முதல் ஸ்டாக்கரில் நீங்கள் ரசித்தது எதுவென்று கேட்டால் சூழல் என்பீர்கள். அந்தச் சூழலுக்குப் பின்னால் இருந்தது ஏ-லைஃப் என்ற அமைப்பு. நீங்கள் பார்க்காதபோதும் மிருகங்களும் மனிதர்களும் வரைபடத்தில் அலைந்துகொண்டும் சண்டையிட்டுக்கொண்டும் இருப்பார்கள். நீங்கள் போய்ச் சேரும்போது சண்டை முடிந்து பிணம் கிடக்கும், யார் கொன்றார் என்று தெரியாது. ஸ்டாக்கர் 2 வந்த அன்று இது ஏறக்குறைய வேலை செய்யவில்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் சில பத்து மீட்டரில் ஒரு கூட்டம் திடீரென்று முளைக்கும். அவர்களைக் கொன்றுவிட்டுத் திரும்பினால் இன்னொரு கூட்டம். கேம் ஓடும் வேகத்துக்காக ஏ-லைஃப் இயங்கும் பரப்பைச் சுருக்கவேண்டி வந்தது என்று நிறுவனமே சொன்னது. 2024 டிசம்பரில் வந்த 1.1 பேட்சில் 1,800க்கு மேற்பட்ட திருத்தங்கள், 2025 பிப்ரவரியில் வந்த 1.2இல் 1,700க்கு மேல். அதன்பிறகும் பேட்ச்கள் வந்தன. முதுகுக்குப் பின்னால் முளைப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் 2007இன் அந்த உயிரோட்டம் முழுதாகத் திரும்பிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் தேடுவது அது ஒன்றுதான் என்றால் ஏமாற்றம் இருக்கும். நடந்து திரிவதும், பாழடைந்த கட்டடத்துக்குள் டார்ச் அடித்துக்கொண்டு நுழைவதும், வானம் சிவக்கும்போது கூரை தேடி ஓடுவதும் பிடிக்கும் என்றால் இதைவிடச் சிறந்த இடம் இன்று வேறில்லை.

இனி உங்கள் கணினி. கேமுக்கு 160 ஜிபி இடமும் எஸ்எஸ்டியும் வேண்டும் என்று நிறுவனம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இது ஒரே பெரிய வரைபடம், நடக்க நடக்க முன்னால் இருப்பதை டிஸ்க்கிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். ஹார்டு டிஸ்க்கில் போட்டால் வீடுகள் களிமண் பொம்மைபோல் நின்று மெல்ல உருவம் பெறும், ஓடும்போது படம் அரை நொடி நின்று நின்று போகும். எந்த செட்டிங்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது. விண்டோஸ் இருக்கும் 256 ஜிபியிலும் இது அடங்காது. அடங்கினாலும் பேட்ச் வரும்போது மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் ஸ்டீம் பழைய கோப்புகளை மாற்றி எழுதத் தற்காலிகமாகக் கூடுதல் இடம் கேட்கும். 1.1 பேட்ச் மட்டுமே நூறு ஜிபியைத் தாண்டியது. நெட் பேக்கில் டேட்டா வரம்பு இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். எஸ்எஸ்டி சாட்டா வகையாக (கேபிளில் இணைப்பது) இருந்தாலே போதும், மதர்போர்டில் எம்.2 இடம் இருந்தால் அதைவிட வேகமான என்விஎம்இ வகையை அதில் செருகலாம்.

ரேம் 16 ஜிபி என்பது குறைந்தபட்ச அளவு. ஆனால் உங்களிடம் இருப்பது ஒரே ஸ்டிக், அதாவது சிங்கிள் சேனல். இந்தக் கேம் பிராசஸரைத்தான் பிழிகிறது, பிராசஸருக்குத் தரவு போகும் பாதை பாதியாக இருந்தால் அடி அங்கேதான் விழும். இருப்பதற்கு இணையான வேகத்தில் இன்னொரு 16 ஜிபி வாங்கி, மதர்போர்டு கையேட்டில் சொன்ன ஸ்லாட்டில் (நான்கு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலும் இரண்டும் நான்கும்) போடுங்கள். 32 ஜிபிதான் பரிந்துரைக்கப்பட்ட அளவும்கூட.

கிராபிக்ஸ் கார்டை இப்போதைக்கு மாற்றவேண்டாம். குறைந்தபட்சம் என்று சொல்லியிருப்பது ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. 1080பி, லோ செட்டிங்ஸ், நொடிக்கு 30 பிரேம் (படம்) என்ற கணக்கில். உங்கள் 1660 சூப்பர் அதைவிடக் கொஞ்சம் மேல். சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கி வேகம் கூட்டும் நுட்பங்களில், டிஎல்எஸ்எஸ் உங்கள் கார்டில் ஓடாது, எஃப்எஸ்ஆர் ஓடும், அதை பேலன்ஸ்டில் வையுங்கள். நிழல், மூடுபனி, முடி ஆகியவற்றை லோவிலும், 6 ஜிபி நினைவகத்தை மீறாதபடி டெக்ஸ்சரை (பரப்புகளின் மேல்பூச்சுப் படங்கள்) மீடியத்திலும் வைத்து, மோஷன் பிளரை அணைத்துவிடுங்கள். இரண்டு பிரேமுக்கு நடுவில் ஒன்றைத் தானே உருவாக்கும் பிரேம் ஜெனரேஷன் இருக்கிறதே என்று ஆசைப்படவேண்டாம். அடிப்படையாக 60 பிரேம் இருந்தால்தான் அது உதவும். 35ஐ 70 ஆகக் காட்டும், ஆனால் மவுஸ் 35இன் தாமதத்தோடுதான் நகரும், குறிவைத்துச் சுடும் கேமில் அது தாங்காது.

எது இழுக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். திரையில் ஜிபியு பயன்பாடு காட்டும் கருவி ஒன்றை ஓடவிட்டு, கேமின் தொடக்கத்தில் வரும் ஸலிஸ்ஸியா கிராமத்துக்குள் நில்லுங்கள். வெளிக்காட்டில் 98 சதவீதம் காட்டிய கார்டு, ஆட்கள் கூடியிருக்கும் அந்த இடத்தில் 60, 70 என்று இறங்கி, பிரேமும் கூடவே இறங்கினால் தடை பிராசஸர். அங்கே ரெசல்யூஷனை எவ்வளவு குறைத்தாலும் ஒரு பிரேம்கூட ஏறாது.

பணம் போடும்முன் இரண்டு சோதனைகள் செய்யலாம். முதலாவது இலவசம். ஸ்டாக்கர் அனாமலி என்று ரசிகர்கள் பழைய எஞ்சினில் உருவாக்கிய தனி மாட் இருக்கிறது. மூல கேம் எதுவும் தேவையில்லை, உங்கள் கணினியில் தாராளமாக ஓடும். அதில் எடை தூக்கமுடியாமல் நடப்பது, துப்பாக்கி தேய்ந்து சிக்கிக்கொள்வது, கண்ணுக்குத் தெரியாத ஆபத்து எங்கே என்று போல்ட் எறிந்து பார்த்துப் பாதை கண்டுபிடிப்பது எல்லாம் எரிச்சல் தந்தால் ஸ்டாக்கர் 2உம் எரிச்சல்தான் தரும். கால் ஆஃப் டியூட்டி வேகத்தை எதிர்பார்க்கிறவர்கள் இங்கே ஒரு மணி நேரம் தாங்கமாட்டார்கள். நடுவில் பாதியில் விட்ட முதல் ஸ்டாக்கரையும் முடித்துவிடுங்கள், இரண்டாவதில் வரும் பல முகங்கள் அப்போதுதான் பொருள்படும்.

இரண்டாவது ஸ்டீம் ரீஃபண்ட். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் பணம் திரும்பும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கேம் திறந்ததும் ஷேடர் (ஒளி, நிழல் வரையும் நிரல்கள்) தொகுக்கும், உங்களுடையதுபோன்ற ஆறு கோர் பிராசஸரில் முதல்முறை அது நல்ல நேரம் எடுக்கும், அதுவும் ஆடிய நேரமாகவே கணக்காகும். அந்நேரத்தில் வேறு எதையும் திறக்காதீர்கள். தொடக்கப் பகுதி இரவில், குறுகலான பாதையில் நடப்பது, அங்கே கிடைக்கும் பிரேமை நம்பக்கூடாது. பேச்சுக் காட்சிகளைத் தாண்டிவிட்டு நேராக ஸலிஸ்ஸியாவுக்குப் போய்ச் சேருங்கள். அங்கே 30க்குக் கீழே போகாமல் நின்றால் வைத்துக்கொள்ளலாம், போனால் அன்றே திருப்பிவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் கேம் பாஸில் முதல் நாளே வந்த கேம் இது. நீங்கள் பார்க்கும்போதும் பட்டியலில் இருந்தால் ஒரு மாதச் சந்தா இன்னும் எளிய வழி. பிஎஸ்5 வைத்திருக்கும் நண்பர் இருந்தால் 2025 நவம்பரில் அதற்கும் வந்துவிட்டது.

வாங்கியபின் சில பழக்கங்கள். குயிக்சேவை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு பெரிய பணிக்கு முன்னும் தனி சேவ் போடுங்கள். கதைப்பணி சிக்கி நின்றுவிடுவது இன்னும் அறவே ஒழியவில்லை, முந்தைய சேவுக்குப் போவதுதான் பலநேரம் ஒரே வழி. செத்தவனின் துப்பாக்கியில் சிவப்புக் குறி இருந்தால் விட்டுவிடுங்கள், கடைக்காரன் வாங்கமாட்டான், எடைதான் மிச்சம். மஞ்சளை எடுங்கள். ஓர் ஊர்ப் பெட்டியில் போட்ட பொருள் எல்லா ஊர்ப் பெட்டியிலும் கிடைக்கும், சுமந்து அலையவேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் வரும் பிளட்சக்கர் என்ற மிருகம் ஆரம்பத்திலேயே வந்து நிற்கும். திறந்தவெளியில் ஓடினால் முதுகில் அறையும், சுவர் மூலையில் முதுகைக் கொடுத்து, கையில் குட்டை ஷாட்கன்னோடு காத்திருங்கள். குரலை உக்ரைனியனில் வைத்து ஆங்கில சப்டைட்டில் போடுங்கள், ஆங்கிலக் குரல்கள் அந்த மண்ணோடு ஒட்டவில்லை.