அலையாத்தி, கடற்புல், காவிரி: கொங்கு வாசகர்களுக்குப் பதில்கள்

நான் பவானிக்காரன். சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம் சேற்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். கடலோர வாழிட மீட்பு பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பெருந்துறை மாணவி: ஐயா, அழிந்த அலையாத்திக் காட்டை, அதாவது கடலோரச் சதுப்புக் காட்டை, மீட்கப் பிச்சாவரத்தில் எத்தனை கன்று நட்டார்கள்?

கன்றுக் கணக்கிலிருந்து தொடங்கினால் விஷயம் பிடிபடாது, அம்மணி. ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரை காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட சேறு காய்ந்து அமுங்கி, நிலம் தாம்பாளம் போலக் குழிந்தது. கடல்மட்டம் ஏறும்போது நுழைந்த கடல்நீருக்கு, அது வற்றும்போது வெளியேற வழியில்லை. தேங்கி ஆவியாகி, கடலை விடவும் உப்பாகிவிட்டது. அந்த உப்பில் எதை நட்டாலும் சாகும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து 1990களில் முதலில் செய்தது மண்வெட்டி வேலைதான். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலவே இருக்கும். இப்படி ஏறி இறங்கும் கடல்நீரான ஓதம் தினமும் வந்து போய் உப்பைக் கழுவியது. அதன் பிறகே வாய்க்கால் சரிவில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தை நட்டார்கள். உச்சியிலும் இல்லை, அடியிலும் இல்லை. ஓதம் தொட்டுப் போகும் நடுச்சரிவில். ஒரு சாண் மேலே நட்டுவிட்டு, கருகிய ஒரு வரிசையை நானே பிடுங்கி எறிந்திருக்கிறேன். வாய்க்காலில் வண்டல் சேரும். தூர் வாராவிட்டால் மறுபடியும் உப்புதான்.

காங்கேயம்: எங்கள் மன்றம் பத்தாயிரம் கன்று நடத் தயார். இடம் சொல்லுங்கள்.

தண்ணீர் எப்படி வந்து போகிறது என்று பார்க்காமல் இடம் சொல்ல மாட்டேன். கடற்கரை மணலிலும், கடலடியில் வளரும் கடற்புல் பரப்பிலும் அலையாத்தியை நட்டால், இருக்கும் வாழிடமும் கெடும். அந்தப் பணத்தைத் தூர்வாரக் கொடுங்கள்.

திருப்பூர்: எங்கள் ஊழியர்கள் 200 பேர் ஒரே நாளில் வந்து நடலாமா?

காங்கேயத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். முதலில் தண்ணீர் வழி.

அவிநாசி: கடற்கரையில் சவுக்கு நடுவது நல்லதுதானே?

மணல்மேட்டைப் பிடித்து நிறுத்த அடும்புக்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் இருக்கின்றன. சவுக்குச் சருகு மூடிய மணலில் ஆமை முட்டையிட இடமிருக்காது. நடுவதெல்லாம் மீட்பு ஆகாது. இதை எத்தனை முறையும் சொல்வேன்.

பொள்ளாச்சி: எங்கள் ஊர்த் தேங்காய்நார் இதற்கு உதவுமா?

நன்றாக உதவும். பாக் விரிகுடாவில் மூங்கில் சட்டத்தில் நார்க்கயிறு கட்டி, கடற்புல் தண்டைச் சொருகி, கடலடியில் பதிக்கிறார்கள். கயிறு மட்குவதற்குள் புல் வேரூன்றிவிடும். கடலில் பிளாஸ்டிக் மிஞ்சாது. அந்தப் புல்லைத்தான் ஆவுளியா என்ற கடல்பசு மேய்கிறது. 2022இல் அங்கே 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள்.

கோவை: மீன்தொட்டியில் வைக்கப் பவளம் எங்கே கிடைக்கும்?

பவளப்பாறை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வாங்காதீர்கள்.

கோபி விவசாயி: அலையாத்தி உப்பில் வளரும் மரம்தானே? அதற்கு எதற்கு நல்ல தண்ணீர்? காவிரி வெள்ளம் வீணாகக் கடலில் கலப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

வாய்க்காலில் தண்ணீர் வராத ஆண்டுகளைப் பார்த்தவர் நீங்கள், அண்ணா. அந்த எரிச்சல் எனக்கும் தெரியும். ஆனால் வீண் என்ற சொல்லை ஏற்க மாட்டேன். கோடையில் வெண்கண்டல் இலையைத் தடவிப் பாருங்கள், விரலில் உப்புத்தூள் ஒட்டும். உறிஞ்சிய உப்பை மரம் அப்படித்தான் வெளியே தள்ளுகிறது; அதற்கே தெம்பு செலவாகிறது. உப்பு கூடக் கூட மரம் குட்டையாகிவிடும். இளங்கன்றுக்கு மழைக்கால ஆற்றுநீர் கட்டாயம் வேண்டும். பிச்சாவரம், வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவே இருக்கிறது. கூடுதுறையில் காவிரியோடு சேரும் நம் பவானித் தண்ணீர், முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிந்து அந்தப் பக்கம்தான் போகிறது.

கரூர்: காட்டுக்காக வயல் காய வேண்டுமா? இது வெறும் உணர்ச்சிப் பேச்சு.

காய வேண்டாம். தண்ணீரோடு வண்டலும் போகிறது என்பதை யோசியுங்கள். 1934இல் மேட்டூர், 1950களில் பவானிசாகர். அணைகள் வண்டலையும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. வண்டல் வராத கழிமுகத்தைக் கடல் அரிக்கும். ஆற்றுநீர் குறைந்தால் கடைமடைக் கிணறுகளில் உப்பு ஏறும். அங்கே தண்ணீர் இறைப்பவரும் விவசாயிதான்.

கோபி விவசாயி: சரி தம்பி, எங்கள் முறைத் தண்ணீரை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்களா?

இல்லை, அண்ணா. மழைக்கால வெள்ளம் கடல் வரை போகட்டும் என்றுதான் கேட்கிறேன். ஐப்பசியில் என்னோடு பிச்சாவரம் வாருங்கள். செம்மண் கலங்கலாக ஆறு காட்டுக்குள் நுழைவதைக் காட்டுகிறேன்.