கனடாவில சின்னப் பிள்ளையளுக்குக் காசு பழக்கிறது

தங்கச்சி, நீங்கள் ஸ்காபரோ வந்து இன்னும் ஒரு வருசமும் ஆகேல்லை, மகன் கிரேட் 2, கடைக்குப் போனால் கண்டதெல்லாம் கேக்கிறார், கார்டை டப் பண்ணினால் சாமான் வந்திடும் எண்டு நினைக்கிறார், பொக்கெட் மணி குடுக்கலாமோ, பள்ளிக்கூடத்தில இதுகள் ஏதும் சொல்லிக்குடுப்பினமோ எண்டு கேட்டிருந்தீங்கள். என்ர ரெண்டும் இஞ்சத்தப் பள்ளிக்கூடத்திலதான் படிச்சு வளந்ததுகள், அதில கண்டதைச் சொல்லுறன்.

பள்ளிக்கூடத்தில சொல்லிக்குடுக்கினம்தான். எங்கட மாகாணம் ஒன்ராறியோவில 2020இல கணக்குப் பாடத்திட்டத்தை மாத்தேக்க கிரேட் 1 தொடக்கம் 8 வரைக்கும் காசுக்கெண்டே ஒரு பகுதி போட்டவை. முதல்ல குத்திக்காசு, தாள்காசு அடையாளம் காணுறது, கிரேட் 3இல மிச்சக்காசு கணக்கு, 5இல வரி, கடன், சின்னதா ஒரு பட்ஜெட் எண்டு போகும். ஆனால் அதெல்லாம் கொப்பியிலதான், பிட்சா லஞ்ச், பீல்ட் ட்ரிப் காசுகளை நாங்கள் ஒன்லைனில கட்டிவிடுறம், பிள்ளையின்ர கையில ஒரு சதமும் படுறேல்லை. ஊரில இந்த வயசுப் பெடியன் சந்திக் கடைக்குப் போய் பாண் வாங்கி மிச்சத்தை எண்ணிக்கொண்டு வருவான், இஞ்ச தனிய விட மனம் வராது, அதால நீங்கள் பக்கத்தில நிண்டுகொண்டு பிள்ளையைக் காசு குடுக்க விடோணும்.

கிழமைக்கு ஒருக்கா ரெண்டு டொலர் குத்தி ஒண்டைக் கையில குடுத்து டொலராமா எண்ட மலிவுச் சாமான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. 1.25 எண்டு போட்ட சாமானை எடுத்துக்கொண்டு வருவார், 75 சதம் மிச்சம் வரும் எண்டு கணக்கும் வச்சிருப்பார், காசாளரிட்ட போனால் 13 வீத எச்எஸ்டி எண்ட விற்பனை வரி சேந்து 1.41 எண்டு காட்டும். பிறகு 1.40 தான் எடுப்பினம், ஏனெண்டால் 2013இல ஒரு சதக் குத்தியை நிப்பாட்டினதில இருந்து காசாக் கட்டினால் கிட்டின 5 சதத்துக்கு மாத்துவினம், கார்டில கட்டினால் அதே 1.41 தான். மிச்சம் 60 சதம். பிள்ளை அதில நிண்டே ஏன் எதுக்கு எண்டு கேள்வி கேக்கும், அந்த இடத்தில அவசரப்படுத்தாதேங்கோ, பின்னால நிக்கிறவை பொறுப்பினம். 10 சதக் குத்தி 5 சதக் குத்தியை விடச் சின்னன், அதிலயும் எல்லாப் பிள்ளையளும் ஒருக்காக் குழம்புங்கள்.

வரி விசயம் இன்னும் நல்ல விளையாட்டு. பால், அரிசி, பழத்துக்கு வரியில்லை, சிப்ஸ், சொக்லட், சோடாவுக்கு 13 வீதம், பிள்ளையின்ர உடுப்புக்கும் புத்தகத்துக்கும் 5 தான். டோனட் அஞ்சு வாங்கினால் வரி, ஆறு வாங்கிக் கட்டிக்கொண்டு போனால் வரியில்லை (என்ர சின்னவள் இதைக் கண்டுபிடிச்ச நாளில இருந்து எங்கட வீட்டில ஆறுக்குக் குறைய வாங்கினதே இல்லை). பில்லை அவரிட்டயே குடுத்து எதுக்கு வரி போட்டிருக்கு எண்டு தேடச் சொல்லுங்கோ.

ஒண்டு மட்டும் கட்டாயம் சொல்லோணும். பிள்ளைக்கு முன்னால ஒவ்வொரு விலையையும் இலங்கைக் காசுக்கு மாத்தி ஐயோ எண்டு சொல்லாதேங்கோ. வந்த புதுசில எல்லாரும் செய்யிறதுதான், ஆனால் அவருக்கு அந்த ரூபாயில ஒரு பிடிப்பும் இல்லை, அம்மா எதுக்கும் பயப்பிடுறா எண்டுதான் விளங்கும். அதை விட இந்தக் கிழமை சாமானுக்கு இவ்வளவு ஒதுக்கியிருக்கிறம், இது எடுத்தால் அதை விடோணும் எண்டு டொலரிலயே சொல்லுங்கோ. ஊரில அம்மம்மாவுக்கு மாசம் காசு அனுப்புறதையும் ஒளிக்கத் தேவையில்லை.

பொக்கெட் மணி குடுங்கோ, கொஞ்சமா, ஒரே நாளில, முடிஞ்சால் முடிஞ்சதுதான், நடுவில கேட்டால் குடுக்காதேங்கோ. படுக்கை விரிக்கிறதுக்கும் கோப்பை எடுத்து வைக்கிறதுக்கும் இஞ்ச கன வீடுகளில காசு குடுக்கினம், எனக்கு அது பிடிக்காது, வீட்டு வேலை வீட்டு வேலைதான். ரோப்ளொக்ஸ் எண்ட ஒன்லைன் விளையாட்டுக்குக் காசு கேட்டால் உங்கட கார்டைப் போட்டு விடாதேங்கோ, அவரின்ர காசில கிப்ட் கார்ட் வாங்கட்டும், கையால காசு போறது தெரியும்.

பிறந்தநாளுக்கு வாற என்வலப் காசில கொஞ்சம் அவருக்கு விட்டிட்டு மிச்சத்தை ஆர்இஎஸ்பியில போடுங்கோ, படிப்புக்கான சேமிப்பு அது. வருசம் 2,500 போட்டால் அரசாங்கம் 500 சேக்கும், ஒரு பிள்ளைக்கு மொத்தமா 7,200 வரைக்கும். வருமானம் குறைஞ்ச குடும்பமெண்டால் நீங்கள் ஒரு சதமும் போடாமலே லேர்னிங் பொண்ட் எண்டு முதல் 500, பிறகு வருசம் 100, மொத்தம் 2,000 வரைக்கும் வரும், புதுசா வந்த கன பேருக்கு இது தெரியாது. அதுக்குப் பிள்ளையின்ர பேரில சின் நம்பர் (அரசாங்கம் ஒவ்வொருத்தருக்கும் குடுக்கிற சமூகக் காப்புறுதி இலக்கம்) வேணும். எடுத்திட்டீங்களோ? இல்லையெண்டால் இந்தக் கிழமையே சேர்விஸ் கனடா எண்ட அரசாங்கக் கந்தோருக்குப் போங்கோ.