ஹாப்ஸ் வோட்காவில் கசப்பு எங்கே?

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணமுள்ள வோட்கா ஒரு பாட்டில் கொண்டுவந்தார். பீர் மாதிரி கசக்கும் என்று நினைத்து, ஃப்ரீசரில் வைத்து எடுத்துக் குடித்தேன். கசப்பும் இல்லை, மணமும் இல்லை. ஏமாற்றுச் சரக்கா? இதுபோல் ஒன்று இங்கே கிடைத்தால் காசு கொடுத்து வாங்கலாமா?
- ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: பாட்டிலைச் சந்தேகப்படுமுன் ஃப்ரீசரைச் சந்தேகப்படுங்கள். அவ்வளவு குளிரில் மணம் சரியாக எழும்பாது.

கசப்பு இல்லாததும் குறையல்ல. பீர் காய்ச்சும்போது மால்ட் (முளைகட்டிய தானியம்) சாற்றில் ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் போலக் கொதிக்க விடுவார்கள். பூவிலுள்ள ஆல்ஃபா அமிலம் அந்தக் கொதியில் உருமாறித்தான் நாக்கைப் பிடிக்கும் கசப்பாகிறது. வோட்காவில் ஹாப்ஸைச் சேர்த்துக் காய்ச்சி வடித்தால் ஆவியோடு ஏறி வருவது பூவின் எண்ணெய் மணம்தான். கசப்பு கொப்பரையிலேயே தங்கிவிடும். பூவை வெறுமனே ஊறப்போட்டிருந்தால் லேசான மஞ்சள் சாயலும் கொஞ்சம் கசப்பும் தெரியும். உங்களுடையது தண்ணீர் போல் தெளிவாக இருந்தால் வடித்ததாகவோ எசன்ஸ் கலந்ததாகவோ இருக்கும். எது என்று லேபிளைப் படியுங்கள்.

இந்திரா நகரில் நண்பர் வீட்டில் ஒருமுறை நானும் ருசி பார்த்தேன். முதலில் ஸ்பிரிட் நெடி மட்டும்தான். இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டதும், பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த வாசனை. காஸ்கேட் போன்ற அமெரிக்க ஹாப்ஸுக்கு அதுதான் அடையாளம். (ஹாப்ஸும் கஞ்சாவும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்று யாராவது பயமுறுத்தினால், உண்மைதான், ஆனால் ஹாப்ஸில் அந்தப் போதை கிடையாது.)

குளிரூட்டாமல், வாய் குறுகிய கிளாஸில் ஒரு மடக்கு ஊற்றி, தண்ணீர் விட்டு மறுபடி பாருங்கள். டானிக் வாட்டர் வேண்டாம்; அதன் கசப்பை ஹாப்ஸ் கசப்பு என்று நினைத்துவிடுவீர்கள்.

வாங்குவது பற்றிக் கேட்டால், பாரில் 30 மில்லி குடித்துப் பார்க்காமல் முழு பாட்டிலுக்குப் போக மாட்டேன். லேபிளில் சேர்த்த ஃப்ளேவர் என்று மட்டும் இருந்தால் கூடுதல் விலை தரவே மாட்டேன்.

அப்புறம், மீதி இருப்பதை வெயில் படும் ஷோகேஸில் வைக்காதீர்கள். ஹாப்ஸ் மணம் சீக்கிரம் மங்கிவிடும்.