கடன் வாங்கிச் சேர்க்க வேண்டிய கல்லூரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் நியூஜெர்சியில் பல ஆண்டுகளாக வசிக்கிறோம். என் மகளுக்கு எங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸின் வணிகப் பள்ளியிலும், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் பள்ளியிலும் இடம் கிடைத்திருக்கிறது. தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ரட்கர்ஸில் ஆண்டுக்கு 36,000 டாலர் ஆகும், ஸ்டெர்னில் 93,000. எங்கள் வருமானத்தைக் காரணம் காட்டி உதவித்தொகை எதுவும் தரவில்லை. அவள் படிப்புக்கென்று, கல்விச் செலவுக்காக வரிச் சலுகையுடன் சேமிக்கும் 529 கணக்கில் 1,50,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறோம். நிறுவனங்களுக்கு மூலதனம் திரட்டித் தரும் முதலீட்டு வங்கியில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அடுத்து ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகன் இருக்கிறான். மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும். கடன் வாங்கியாவது ஸ்டெர்னுக்கு அனுப்புவதே பெற்றோரின் கடமை என்கிறார்கள் நண்பர்கள். காசுக்கு அஞ்சி அவள் எதிர்காலத்தைக் குறுக்கிவிடுவோமோ என்று தூக்கம் வரவில்லை.

ச.

அன்புள்ள ச.,

மகளுக்கு என் வாழ்த்துகள். நீங்கள் தந்திருக்கும் கணக்கின்படி ரட்கர்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்வதை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது என்பதால், அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரிய முதலீட்டு வங்கிகள் புதிதாகச் சேர்க்கும் பட்டதாரிகளில் பெரும்பாலோரை, மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் தங்களிடம் இன்டர்ன்ஷிப் செய்தவர்களிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அந்த இன்டர்ன்ஷிப்புக்கான ஆள்தேர்வோ ஓர் ஆண்டுக்கும் முன்பாகவே, மாணவர் இரண்டாம் ஆண்டில் இருக்கும்போதே நடந்துவிடுகிறது. ஆகவே கல்லூரிக்குள் நுழைந்து மூன்று செமஸ்டர்கள் முடிவதற்குள் நல்ல மதிப்பெண், நேர்காணலுக்கான பயிற்சி, வங்கிக்குள் தன் பெயரை எடுத்துச் சொல்ல ஒரு மூத்த மாணவர் ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஸ்டெர்னில் இவை மாணவரைத் தேடி வருகின்றன. வங்கிகள் வளாகத்துக்கே வருகின்றன. சென்ற ஆண்டு நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்பதைப் பக்கத்து அறை மாணவியே சொல்லிவிடுவாள். ரட்கர்ஸில் இவற்றை உங்கள் மகள்தான் தேடிப் போக வேண்டும்.

ஆய்வுகளில் இரு பக்கத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. ஒரே அளவு தகுதியுள்ள மாணவர்கள் பெயர்பெற்ற கல்லூரியில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பிற்கால வருமானத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற பொருளியல் ஆய்வாளர்கள் இருவரும் 2002-இல் எழுதினார்கள். ஐவி லீக் எனப்படும் பழம்பெரும் தனியார் கல்லூரிகள் எட்டையும் அவற்றுக்கு நிகரான நான்கையும், மாநிலங்களின் முதன்மையான அரசுப் பல்கலைக்கழகங்களோடு பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒப்பிட்டு 2023-இல் வெளியிட்ட ஆய்விலும் சராசரி வருமானத்தில் பெரிய மாற்றம் தென்படவில்லை. ஆனால் மிகப் பெயர்பெற்ற நிறுவனங்களில் வேலை பெறும் வாய்ப்பு மும்மடங்காகிறது. அந்தப் பன்னிரண்டில் ஸ்டெர்ன் இல்லை என்றாலும், முதலீட்டு வங்கி என்ற குறுகலான வாசலுக்குக் கல்லூரியின் பெயர் உதவும் என்பதை நான் மறுக்கவில்லை.

இனி விலைக்கு வருவோம். ரட்கர்ஸின் நான்கு ஆண்டுச் செலவு 1,44,000 டாலர், உங்கள் சேமிப்புக்குள் அடங்கிவிடும். ஸ்டெர்னின் நான்கு ஆண்டுச் செலவு 3,72,000 டாலர். சேமிப்பைக் கழித்தால் 2,22,000 துண்டு விழுகிறது. அரசின் மாணவர் கடன் அவள் பெயரில் நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 27,000-க்கு மேல் கிடைக்காது. பெற்றோர் தங்கள் பெயரில் அரசிடம் வாங்கும் பிளஸ் கடனுக்கு 2026 ஜூலை முதல் ஒரு பிள்ளைக்கு 65,000 டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. மீதி 1,30,000 டாலரைத் தனியார் வங்கியில்தான் வாங்க வேண்டும். அதற்கும் நீங்கள் இணைந்து கையெழுத்திட வேண்டும், அவளால் கட்ட முடியாமல் போனால் உங்களிடம்தான் வருவார்கள். எல்லாவற்றையும் எட்டு விழுக்காடு வட்டியில் பத்தாண்டுத் தவணையாக வைத்தால், படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியைச் சேர்க்காமலேயே, மாதம் ஏறக்குறைய 2,700 டாலர் கட்ட வேண்டும். மகன் கல்லூரிக்குப் போகும்போது அக்காவின் படிப்பே இன்னும் முடிந்திருக்காது.

முதலீட்டு வங்கியில் வேலை கிடைத்துவிட்டால் இதைக் கட்டிவிடலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். கட்டலாம்தான். ஆனால் வாரத்துக்கு எண்பது மணி நேரம் வேலை என்பது அங்கே வழக்கம், இரண்டு மூன்று ஆண்டுகளில் விலகிவிடுபவர்கள் ஏராளம். பதினெட்டு வயதில் சொன்ன ஆசை இருபது வயதில் மாறுவதும் இயல்பு; அவளுக்குப் புள்ளியியலோ, ஆசிரியப் பணியோ, சட்டமோ பிடித்துப்போகலாம். அப்போது மாதம் 2,700 டாலர் தவணை அவளை அசையவிடாது. நீங்கள் அஞ்சுகிற எதிர்காலக் குறுக்கம் எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது, இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ரட்கர்ஸில் சேர்ந்தால் வேலை தானாக வராது என்பதை அவளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். முதல் செமஸ்டரிலேயே நிதித்துறை மாணவர் மன்றத்தில் சேர வேண்டும். நியூயார்க்கின் நிதித்துறை மையமான வால் ஸ்ட்ரீட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் வழிகாட்டும் ‘ரோடு டு வால் ஸ்ட்ரீட்’ திட்டத்துக்கு முயல வேண்டும். ரட்கர்ஸ் இருக்கும் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் மன்ஹாட்டன் வந்துவிடும். அங்குள்ள பழைய மாணவர் ஒருவர் அரை மணி நேரம் பேசச் சம்மதித்தால் வகுப்பு முடிந்ததும் போய்த் திரும்பிவிடலாம். முதல் முறை வாசல் திறக்காவிட்டால் சில ஆண்டுகள் வேலை பார்த்து எம்பிஏ படித்து நுழையும் வழியும் இருக்கிறது, வங்கிகள் தொடக்கநிலைக்கு அடுத்த படியான அசோசியேட் பதவிக்கு அங்கிருந்தும் ஆள் எடுக்கின்றன. கடனில்லாமல் அந்தப் படிப்பைத் தொடங்குபவளின் நிலை வேறு.

இந்த வாரமே ஸ்டெர்னின் நிதியுதவி அலுவலகத்துக்கு முறையாக ஒரு மேல்முறையீடு எழுதுங்கள். மகனின் படிப்பையும், வருமானத்தில் ஏதேனும் இறக்கமோ மருத்துவச் செலவோ இருந்தால் அதையும் சான்றுகளோடு காட்டுங்கள். எல்லோருக்கும் பலிப்பதில்லை என்றாலும் கேட்பதால் இழப்பு ஒன்றுமில்லை. ஆண்டுச் செலவு 50,000 டாலருக்குக் கீழே இறங்கினால், சேமிப்பும் அவள் பெயரில் கிடைக்கும் அரசுக் கடனும் பெரும்பகுதியைத் தாங்கிவிடும். அப்படியானால் தயங்காமல் ஸ்டெர்னுக்கே அனுப்புங்கள். இறங்காவிட்டால் மே 1-க்கு முன் ரட்கர்ஸுக்கு முன்பணம் கட்டிவிடுங்கள்.