கம்பெனி டாக்டர் ஆகவா இவ்வளவு படிச்சே?

கேள்வி: எம்.பி.பி.எஸ்., இன்டர்ன்ஷிப் இரண்டும் முடிந்துவிட்டன. வீடு தாராவியில், 90 அடி ரோடு பக்கம். அப்பா 22 வருடமாக 13-வது காம்பவுண்டில் பிளாஸ்டிக் அரைக்கும் மெஷினில் நிற்கிறார். காது மந்தம், டி.வி. சத்தத்துக்காக வீட்டில் தினமும் சண்டை. தொழில்சார், சுற்றுச்சூழல் சுகாதாரம் படிக்க எனக்கு ஆசை. "கம்பெனி டாக்டர் ஆகவா இவ்வளவு படிச்சே?" என்கிறார் மாமா. மூன்று மாதப் படிப்பு போதுமா, பொது சுகாதாரத்தில் இரண்டு வருட முதுநிலைப் படிப்பான எம்.பி.எச். சேரட்டுமா, இல்லை நீட் பி.ஜி.தானா?
- வாசகி, தாராவி, மும்பை

பதில்: அன்பு மகளுக்கு,

மாமாவுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மூன்று மாதம். தொழிற்சாலை மருத்துவர்களுக்கான ஏ.எஃப்.ஐ.எச். என்கிற அந்தப் படிப்பை நடத்துகிற மத்திய தொழிலாளர் நிறுவனம் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே, சயானில்தான் இருக்கிறது. சென்னை, கொல்கத்தா, கான்பூர் என்று எங்கிருந்தோ வந்து அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன், உனக்கு அந்தச் செலவே இல்லை, அதனால் யோசிக்காமல் சேர்ந்துவிடு. இது முதுநிலைப் பட்டம் ஆகாது, அதையும் தெரிந்துகொண்டு போ. ஆனால் ஆபத்தான ரசாயன வேலை நடக்கிற தொழிற்சாலைகள் மருத்துவ அதிகாரியிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

படிப்பு நல்லதா என்பதை நான் ஒரே விஷயத்தை வைத்துத்தான் பார்ப்பேன்: உன்னைத் தொழிலாளியின் பக்கத்தில் எத்தனை நாள் நிற்க வைக்கிறார்கள்? நான் படித்த காலத்தில் ஒரு வார்ப்படப் பட்டறைக்கு அனுப்பினார்கள். சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பம்ப், அதைத் தொழிலாளியின் பெல்ட்டில் மாட்டி, குழாயை முதுகு வழியாகக் கொண்டுவந்து, முன்பே எடை போட்டு வைத்த வடிகட்டியைச் சட்டைக் காலரில், மூக்குக்குப் பக்கத்தில் குத்திவிட வேண்டும், அப்புறம் ஷிஃப்ட் முடிகிற வரை அவர் கூடவே நடக்க வேண்டும். மணல் அச்சு உடைக்கிற இடத்தில்தான் தூசி அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசி அரை மணி நேரத்தில் அவர் காய்ந்த தரையைத் துடைப்பத்தால் கூட்ட ஆரம்பித்தார், எதிரில் நின்ற ஆளே தெரியவில்லை. அந்தத் தரையில் தண்ணீர் தெளித்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று எந்த எக்ஸ்ரேயும் எனக்குச் சொல்லியிருக்காது.

இரண்டு வருடப் படிப்பு எதற்கு என்றால், உன் தாராவிக்காகத்தான். சட்டத்தில் இருக்கிற தூசி அளவு, சத்த அளவு எல்லாமே எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆளை மனதில் வைத்துப் போட்டவை. சத்தத்துக்கு நம் ஊரில் 90 டெசிபல் என்று வைத்திருக்கிறார்கள். கீழே பட்டறை, மேலே குடித்தனம், நடுவில் ஒரு இரும்பு ஏணி என்றிருக்கிற இடத்தில் அந்த எட்டு மணி நேரக் கணக்கு எங்கே நிற்கும்? பேட்டரி உடைக்கிறவர் சட்டையில் ஈயத் தூசியோடு வந்து குழந்தையைத் தூக்கினால் அது தொழில் நோயா, சுற்றுச்சூழல் நோயா? போபாலில் 1984 டிசம்பரில் பூச்சிமருந்து ஆலையின் விஷவாயுக் கசிவில் செத்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஆலையில் வேலையே பார்க்காதவர்கள், சுற்றிக் குடியிருந்தவர்கள். அதற்கப்புறம்தான், 1987-ல், தொழிற்சாலைச் சட்டத்தில் ஆபத்தான தொழில்களுக்கென்று தனி அத்தியாயமே சேர்த்தார்கள். வேலை இடம், குடியிருப்பு இரண்டின் பாதிப்பையும் ஒன்றாக வைத்து அளக்கவும் கணக்குப் போடவும் மூன்று மாதம் பத்தாது.

சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் சுற்றுச்சூழல் சுகாதாரத்துக்குத் தனித் துறையே இருக்கிறது, அடுப்புப் புகை பற்றிப் பல வருடமாக ஆய்வு செய்கிறவர்கள். அகமதாபாத்தில் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம், அதன் தென்மண்டல மையம் பெங்களூரில். எங்கே விண்ணப்பித்தாலும் போன் போட்டுக் கேள்: பம்பும் சத்தமானியும் சொந்தமாக வைத்திருக்கிறீர்களா, கடைசி வருட ஆய்வை எந்தப் பட்டறையில் செய்ய விடுவீர்கள்? மழுப்பினால் அந்த இடம் வேண்டாம். நீட் பி.ஜி. எழுதி எம்.டி. சமூக மருத்துவம் எடுப்பதும் நல்ல வழிதான், மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்க ஆசை இருந்தால்.

ஒன்றை மறைக்கக் கூடாது. என் முதல் வேலையில் பதினோரு பேருக்குக் காது பாதித்திருந்தது, பதிவேட்டில் 'தகுதி' என்று எழுதச் சொன்னார் மேலாளர். நான் எழுதவில்லை. ஆறு மாதத்தில் வேலை போய்விட்டது. சம்பளம் கொடுக்கிறவர் ஒருவர், நோயாளி இன்னொருவர் என்கிற இந்தச் சிக்கல் உனக்கும் வரும்.

இப்போது மாமா. நோயாளியிடம் 'என்ன வேலை பார்க்கிறாய்' என்று கேட்கச் சொல்லி இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-லேயே எழுதிவிட்டார். இந்த 22 வருடத்தில் அப்பா எத்தனை டாக்டரைப் பார்த்திருப்பார், அதில் எத்தனை பேர் அந்த மெஷினைப் பற்றிக் கேட்டார்கள் என்று மாமாவையே கேள்.

சேர்வதற்கு முன் ஒரு வேலை. அப்பாவுக்குக் கேட்புத்திறன் சோதனை எடு. ஞாயிறு முழுக்க ஓய்வு, திங்கள் காலையில் மெஷின் பக்கம் போகும் முன்பே எடுக்க வேண்டும், இல்லையென்றால் முந்தின நாள் சத்தத்தின் தற்காலிக மந்தமும் அதில் கலந்துவிடும். வயதால் வந்த மந்தம் என்றால், சோதனைத் தாளில் வரும் கோடு உயர்ந்த சுருதிப் பக்கம் போகப் போகச் சரிந்துகொண்டே போகும். 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுந்து 8,000-ல் மறுபடி ஏறினால் மெஷின்மேல்தான் சந்தேகம். போன கேட்புத்திறன் திரும்பாது, ஆனால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற நாளைக்கே காது அடைப்பான் வாங்கிக் கொடுக்கலாம். அந்தத் தாளைப் பத்திரமாக வை. அடுத்த வருடமும் ஒரு திங்கள் காலையில் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.